புளோரன்ஸில் படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இரண்டு ஆண்டுகள் கலை வரலாறு படித்தேன். அங்கே போகவிருக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதும்போது ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பாரிஸ், லண்டன் இருக்கும்போது புளோரன்ஸுக்கு ஏன் போக வேண்டும்?

பாரிஸிலும் லண்டனிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் வேறெங்கோ பிறந்து அங்கே வந்து சேர்ந்தவை. புளோரன்ஸில் ஓர் ஓவியத்தை அது வரையப்பட்ட அதே சுவரில், அதே ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம். கலை வரலாறு படிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

இந்த நிலை தானாக அமைந்துவிடவில்லை. நகரை மூன்று நூற்றாண்டுகள் ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசு ஆன்னா மரியா லூயிசா. ஆட்சி வேறு வம்சத்தின் கைக்கு மாறிய 1737-இல் அவர் ஓர் ஒப்பந்தம் எழுதினார். குடும்பம் சேர்த்த ஓவியங்கள், சிலைகள், நூல்கள் எல்லாவற்றையும் புதிய ஆட்சிக்குக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அவற்றில் ஒன்றையும் நகரத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. 1743-இல் அவர் இறந்தார். அந்தச் சேகரிப்பில் பெரும்பகுதி ஓவியங்கள் இருக்கும் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அம்மையார்தான்.

எங்கே சேரலாம்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது புளோரன்ஸ் பல்கலைக்கழகம். அது அரசுப் பல்கலைக்கழகம். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாறும். ஓவியமும் சிற்பமும் கையால் கற்க விரும்புகிறவர்களுக்கு நுண்கலைக் கழகம் இருக்கிறது. 1563-இல் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரியின் முயற்சியால் தொடங்கிய கலைஞர் சங்கத்தின் வழிவந்தது அது. அந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட முதல் பெண் ஓவியர் ஆர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கி. மூன்றாவதாக, தனியார் பள்ளிகளும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் அரையாண்டுப் படிப்புகளும் ஏராளம்.

மூன்றாவது வழியில் ஒரு எச்சரிக்கை. விளம்பரம் அழகாக இருக்கும், கட்டணமும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும், முடிவில் கையில் கிடைப்பது வெறும் சான்றிதழாக இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பு அந்தப் பட்டத்தை இத்தாலிய அரசும் உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரசு நிறுவனங்களில் சேர, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் ‘யுனிவர்சிட்டாலி’ என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்த பிறகுதான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். புளோரன்ஸ் அமைந்திருக்கும் டஸ்கனி மாநில அரசு தரும் உதவித்தொகை வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது. தகுதி இருந்தால் விடுதி அறையும் உணவும் கிடைக்கலாம். அதற்கான வருமானச் சான்றுகளை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தி வாங்க வாரக்கணக்கில் ஆகும். இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, கெடு தேதியைத் தவறவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இத்தாலிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

ஆங்கிலவழிப் படிப்புகள் உண்டு, வகுப்பறையைச் சமாளித்துவிடலாம். ஆனால் பூட்டியிருக்கும் தேவாலயத்தின் பொறுப்பாளரிடம் “ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள்” என்று கேட்க ஆங்கிலம் உதவாது. நான் அங்கே பார்த்தவற்றில் மறக்க முடியாத சில, தட்டுத்தடுமாறிப் பேசிய இத்தாலியத்தால் திறந்த கதவுகளுக்குப் பின்னால் இருந்தவை. இத்தாலியவழிப் படிப்பில் சேர வேண்டுமானால் வழக்கமாக பி2 நிலைத் தேர்ச்சி (ஐரோப்பிய மொழித்தகுதி அளவுகோலில் மேல் இடைநிலை) கேட்பார்கள். ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே மொழியைத் தொடங்கிவிடுங்கள். தமிழருக்கு ஒரு வசதி உண்டு: இரட்டை மெய்யை அழுத்தி உச்சரிக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நொன்னோ’ (தாத்தா) என்பதில் உள்ள இரட்டை னகரத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறுவார்கள். நமக்கு அது இயல்பாக வரும்.

போய் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே அதை ‘பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ’ என்பார்கள். விண்ணப்ப உறை தபால் நிலையத்தில் கிடைக்கும். 16 யூரோ வருவாய் முத்திரையைப் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்ட வேண்டும். விண்ணப்பித்ததும் ஒரு ரசீது தருவார்கள். காவல்துறை அலுவலகத்தில் விரல்ரேகை கொடுத்து அட்டை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்த ரசீதே உங்கள் அடையாளம். அதைத் தொலைத்துவிடாதீர்கள். விசா காலம் முடிந்து ரசீது மட்டும் கையில் இருக்கும் நாள்களில் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வரி அடையாள எண்ணையும் உடனே வாங்கிவிடுங்கள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். மருத்துவத்துக்குத் தனியார் காப்பீடு எடுக்கலாம், அல்லது அரசுச் சுகாதார சேவையில் விருப்பப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுக்கு மாணவர்களுக்கான தொகை 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. அது நாள்காட்டி ஆண்டுக்கானது. அக்டோபரில் கட்டினாலும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும் என்பதைக் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள்.

வீடு கிடைப்பது கடினமா?

கடினம். நகர மையத்தில் வீடுகள் பல சுற்றுலாப் பயணிகளுக்கான குறுகியகால வாடகைக்குப் போய்விட்டன. ரிஃப்ரேதி, கம்போ தி மார்த்தே, நோவோலி போன்ற பகுதிகளில் தேடுங்கள். டிராமோ பஸ்ஸோ இருக்கிறது. பகிர்ந்துகொள்ளும் அறைதான் மாணவர்களின் பொதுவான ஏற்பாடு.

நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் பத்து நாள் விடுதியில் தங்கி, நடந்து பார்த்து, அதன் பிறகு ஒப்பந்தம் போடுங்கள். ஒப்பந்தத்தை முப்பது நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். “பதியாமல் விட்டால் வாடகை குறையும்” என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டேன். வெளியேறும்போது இரண்டு மாத முன்பணம் திரும்ப வரவில்லை. பதிவு இல்லாததால் கேட்கவும் வழியில்லை. அந்தப் பணத்தை நினைத்து நான் பட்ட வேதனை உங்களுக்கு வேண்டாம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் குழைத்த ‘பாப்பா அல் பொமொதோரோ’, பீன்ஸும் கருங்கோசும் ரொட்டியும் சேர்ந்த ‘ரிபொல்லீத்தா’ இரண்டும் அந்த ஊரின் ஏழைகள் உணவு; வயிறு நிறையும். சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீரை ஊற்றியிருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதல் கடியில் ஏமாற்றமாக இருக்கும். காய்கறிக்குக் காலையில் சான்த் அம்ப்ரோஜோ சந்தைக்குப் போங்கள். காபியைக் கல்லாவில் நின்றே குடியுங்கள்; உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும்.

படித்துக்கொண்டே வேலை செய்யலாமா?

வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. மொழி தெரிந்தால் வேலை கிடைக்கும். ஆனால் அந்த வருமானத்தை நம்பி மாத வாடகையைத் திட்டமிட வேண்டாம்.

தேர்வுகள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுகள். மதிப்பெண் முப்பதுக்கு, தேர்ச்சிக்கு 18 வேண்டும். கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிட்டு அடுத்த முறை எழுதலாம். கலை வரலாற்றில் ஒரு படத்தை முன்னால் வைத்து “பேசுங்கள்” என்பார்கள். யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று தொடங்கினால் பேராசிரியர் கையை உயர்த்தி நிறுத்துவார்: “முதலில் நீங்கள் பார்ப்பதைச் சொல்லுங்கள்.” மனப்பாடம் செய்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் பழகவே ஓர் ஆண்டு ஆயிற்று.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? உஃபிட்சிதானே?

எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்தில் உஃபிட்சிக்குப் போனால் நூற்றுக்கணக்கான ஓவியங்கள் உங்கள் மேல் சரிந்து விழும். இரவில் ஒன்றும் நினைவில் நிற்காது. பயணிக்கு இருப்பது மூன்று நாள், அவருக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு மாதங்கள் இருக்கின்றன. மாணவருடைய செல்வம் அதுதான். ஒரே ஓவியத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடிகிறவர் அந்த நகரத்தில் மிகச் சிலரே.

சான் மார்கோவில் தொடங்குங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் மிக்கெலோட்சோ புதுப்பித்துக் கட்டிய துறவிகள் மடம் அது. மாடிப்படி முடியும் இடத்தில், அங்கே துறவியாக இருந்த ஓவியர் ஃப்ரா ஆஞ்செலிகோவின் ‘மங்கள அறிவிப்பு’ ஓவியம்: இயேசு பிறக்கப் போவதை வானதூதர் மரியாவிடம் சொல்லும் காட்சி. அதைத் தாண்டினால் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு ஜன்னல், ஒரு சுவரோவியம். அந்த அறையில் வாழ்ந்த துறவிக்குத் தினமும் பார்க்க இருந்தது அந்த ஒரு படம்தான். நானும் ஓர் அறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை போனேன். மூன்றாவது வாரம்தான் அந்த ஓவியத்தில் நிழல்கள் எத்தனை மென்மையானவை என்று கண்ணில் பட்டது. அது ஃப்ரா ஆஞ்செலிகோவின் தவறில்லை. என் கண் அவ்வளவு மெதுவாகத்தான் திறந்தது.

அடுத்து ஆர்னோ ஆற்றைக் கடந்து கார்மினே தேவாலயத்தின் பிரன்காச்சி சிற்றாலயம். முன்பதிவு வேண்டும். அதன் சுவரோவியங்களை 1420-களில் மசோலினோவும் இளைஞர் மசாச்சோவும் வரையத் தொடங்கினார்கள். விட்டுப்போன பகுதிகளைப் பிறகு ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார். மசாச்சோ இறந்தபோது வயது இருபத்தேழைத் தாண்டியிருக்கவில்லை. உள்ளே நின்றதும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிறகு ஓவியத்தில் உள்ள மனிதர்களின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். உண்மையான ஜன்னலின் வெளிச்சமே ஓவியத்துக்குள்ளும் விழுவதுபோல மசாச்சோ தீட்டியிருக்கிறார். புத்தகத்தில் அச்சிட்ட படத்தில் இது எப்படித் தெரியும்?

மூன்றாவதாக பார்ஜெல்லோ அருங்காட்சியகம். 1401-இல் ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவுக்காக ஒரு போட்டி நடந்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியைச் செய்து காட்ட வேண்டும். போட்டியிட்ட கலைஞர்களில் கிபெர்ட்டி, புரூனெல்லெஸ்கி இருவரும் செய்த பலகைகள் அங்கே இருக்கின்றன. புரூனெல்லெஸ்கியின் வானதூதர் பறந்துவந்து ஆபிரகாமின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறார். கத்தி கழுத்தில் பட்டுவிட்டது போன்ற பதைப்பு. கிபெர்ட்டியின் வானதூதர் தொடவில்லை. மேலே மிதந்தபடி கையை நீட்டுகிறார். வென்றது கிபெர்ட்டி. அவருடைய பலகைக்குக் குறைவான வெண்கலமே தேவைப்பட்டது, வார்ப்பும் நேர்த்தி. எனக்கு இன்றும் புரூனெல்லெஸ்கியின் பக்கமே மனம் சாய்கிறது. நீங்கள் போய் நின்று, உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

இவை மூன்றும் பழகிய பிறகு உஃபிட்சிக்குப் போங்கள். அப்போதும் ஒரு நாளைக்கு இரண்டே அறைகள்.

கதீட்ரலின் பெரிய குவிமாடத்தில் ஏற வேண்டுமா?

ஒருமுறை கட்டாயம் ஏறுங்கள். 463 படிகள். உச்சியில் தெரியும் நகரக் காட்சிக்காக ஏறுகிறார்கள். நான் சொல்வது வழியில் இருக்கும் செங்கல்லுக்காக. கதீட்ரல் கட்டுமானம் 1296-இல் தொடங்கியது. நூறாண்டு கடந்தும் நடுவில் சுமார் 45 மீட்டர் அகலத் திறப்பை மூடும் வழி யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு உயரத்துக்குத் தரையிலிருந்து மரச் சாரம் எழுப்ப இயலாது. கதவுப் போட்டியில் தோற்ற அதே புரூனெல்லெஸ்கி, பொற்கொல்லராகத் தொழில் பழகியவர், 1420-இல் தொடங்கி 1436-இல் அதை முடித்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். நீங்கள் ஏறுவது அவற்றுக்கு இடைப்பட்ட வழி. அங்கே செங்கற்கள் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருப்பதைத் தொடும் தூரத்தில் பார்க்கலாம். சாந்து காயும் முன்பு கற்கள் உள்ளே சரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள அந்த அடுக்குதான் காரணம்.

கீழே இறங்கியதும் குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வந்து பாருங்கள். எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் வெண்கல்லில் மாடம் இருக்கும். அதை மைக்கேலாஞ்சலோ ‘சிள்வண்டுக் கூண்டு’ என்று பழித்ததால் மற்ற ஏழும் கைவிடப்பட்டன என்று ஊரில் சொல்வார்கள்.

குவிமாடத்தைத் தினமும் பார்க்க நல்ல இடம் ஓப்லாத்தே பொது நூலகம். பழைய கன்னியர் மடத்தில் இயங்குகிறது. மேல்மாடிச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து பார்த்தால் குவிமாடம் கண்ணெதிரே நிற்கும். என் ஆய்வேட்டில் பாதியை அங்கேதான் எழுதினேன்.

நுழைவுக் கட்டணம் கட்டுப்படியாகுமா?

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரையிலான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 2 யூரோதான். இந்திய, இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும் என்று எண்ணி வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை, பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்பு, கலை வரலாறு, தொல்லியல் போன்ற துறைகளில் பதிவு செய்த மாணவர்களுக்கு இலவச அனுமதி உண்டு. நடப்பாண்டுப் பதிவுச் சான்றிதழைக் காட்ட வேண்டும். முதல் நான்கு மாதம் இது தெரியாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தேன். மற்றத் துறையினர் மாதத்தின் முதல் ஞாயிறு இலவச நாளைப் பயன்படுத்தலாம். அன்று உஃபிட்சியில் கூட்டம் நெரியும், பார்ஜெல்லோவுக்குப் போங்கள்.

கட்டணமே இல்லாத தேவாலயங்களும் உண்டு. பொன்தே வெக்கியோ பாலத்தைத் தாண்டியதும் சான்தா ஃபெலீச்சித்தா. உள்ளே வலப்பக்கம் பொன்தொர்மோவின் ஓவியம்: சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவைத் தாங்கியபடி மனிதர்கள் திகைத்து நிற்கிறார்கள். அதில் சிலுவை இல்லை, ஏணி இல்லை. வெளிறிய நீலமும் இளஞ்சிவப்பும் மட்டும் காற்றில் மிதப்பதுபோல இருக்கின்றன. ஓவியத்தின் மேல் விளக்கு எரிய, அங்குள்ள பெட்டியில் போடச் சில்லறை கொண்டுபோங்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். அணைந்த பிறகும் நின்று பாருங்கள். குன்றின் மேல் உள்ள சான் மினியாத்தோவுக்கு மாலையில் ஏறிப் போங்கள்.

சுவர்களில் ‘4 நவம்பர் 1966’ என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. சான்தா குரோச்சே பகுதியில் நீர் ஆறு மீட்டருக்கு மேல் ஏறியது. வெப்பமூட்டும் எண்ணெய் கலந்த சேறு தேசிய மைய நூலகத்தின் நிலவறைக்குள் பாய்ந்து லட்சக்கணக்கான நூல்களை மூழ்கடித்தது. சிமாபூவேயின் பெரிய சிலுவை ஓவியத்திலிருந்து வண்ணத்தின் பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று. கிபெர்ட்டியின் வெண்கலக் கதவிலிருந்து பலகைகள் பிய்ந்தன.

நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர்கள். அவர்களில் பலர் மாணவர்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. ஊர் அவர்களைச் ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அழைத்தது, இன்றும் அப்படியே அழைக்கிறது. நனைந்த தாளையும் உரிந்த வண்ணத்தையும் எப்படிக் காப்பது என்ற துறை அந்தச் சேற்றில்தான் பெருமளவு வளர்ந்தது. 1588-இல் மெடிச்சிகளின் கல்பதிப்புப் பட்டறையாகத் தொடங்கிய ‘ஓபிஃபீச்சோ தெல்லே பியெத்ரே தூரே’ இன்று உலகின் முதன்மையான கலைப் புனரமைப்பு நிறுவனங்களில் ஒன்று. அங்கே புனரமைப்புப் பயிற்சியும் உண்டு; இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடுமை. வேதியியலில் ஆர்வமுள்ள நம் மாணவர்கள் இந்தத் துறையைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இவ்வளவு கலையும் சலிப்பைத் தராதா?

தரும். மூன்றாவது மாதத்தில் எனக்கும் வந்தது. இன்னொரு மாதா, இன்னொரு குழந்தை என்று கண் கடந்துபோயிற்று. சான்தா குரோச்சே தேவாலயத்துக்கு 1817-இல் போனபோது தனக்கு நெஞ்சு படபடத்து மயக்கம் வரும்போல் ஆனதாகப் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் எழுதியிருக்கிறார். அப்படி ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு வாரம் எந்த அருங்காட்சியகத்துக்கும் போகாதீர்கள். சான் ஃப்ரெதியானோ பகுதியின் சந்துகளில் நடங்கள். படச் சட்டம் செதுக்குகிறவர், தங்கத் தாள் ஒட்டுகிறவர், தோல் தைக்கிறவர் இன்னும் சிலர் அங்கே பட்டறை வைத்திருக்கிறார்கள். ஏழாம் எண் பஸ்ஸில் ஏறி ஃபியேசொலே குன்றுக்குப் போய் நகரத்தை மேலிருந்து பாருங்கள். அரேத்சோவுக்கு ரயிலில் போய்ப் பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவின் சுவரோவியங்களைப் பார்த்து வாருங்கள். சியேனாவுக்கு பஸ்தான் வசதி.

அருங்காட்சியகத்தில் வரைய விடுவார்களா?

சிறிய ஏடும் பென்சிலும் வைத்து நின்றபடி வரைவதற்குப் பொதுவாகத் தடை சொல்வதில்லை. மையும் வண்ணமும் மடக்கு நாற்காலியும் கொண்டுபோக வேண்டுமானால் முன்பே அனுமதி கேளுங்கள். எனக்கு வரையத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம்; எனக்கும் தெரியாது. அகாதெமியா அருங்காட்சியகத்தில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையைச் சுற்றி எப்போதும் கூட்டம். அதற்குப் போகும் வழியில், கல்லிலிருந்து பாதி மட்டும் வெளிவந்த ‘கைதிகள்’ நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் யாரும் அதிகம் நிற்பதில்லை. அவர்களில் ஒருவரின் தோளை மட்டும் வரைய முயலுங்கள். உளித் தடம் எந்தத் திசையில் போகிறது, எங்கே நின்றுவிட்டது என்று கவனிக்க உங்கள் கை கண்ணைக் கட்டாயப்படுத்தும். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. செவ்வாய்க்கிழமை திறந்ததும் போய்விடுங்கள்.